ஸ்ரீரங்கத்தில் ஒரு படகுக்குத் தளம் மாற்றினோம்

என் கணவர் படகு வாங்கிய செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்து, பள்ளிக்கூட விடுமுறை ஆரம்பித்த முதல் நாள். வாசலில் ஹாரன் அடித்தது. போய்ப் பார்த்தேன்.

"படகை எங்கம்மா இறக்கணும்?" என்றார் டிரைவர்.

"வேற வீடா இருக்கும், நல்லா விசாரிங்க" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் லாரியின் மேல் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து பழுத்த மஞ்சளாகிவிட்ட ஃபைபர் படகு. அதன் மூக்கு எதிர்வீட்டு மாடி பால்கனிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் என் கணவர், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் போன்ற முகத்தோடு.

அவர் பாய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றவர்கள் சுகர் டெஸ்ட் எடுப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள், நிலம் பார்க்கப் போவார்கள். இவர் நாகப்பட்டினம் பக்கம் போய், சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன ஒரு படகைப் பார்த்து, மனசைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"ஆத்துல தண்ணி வரும்ல?"

"வந்தா?"

"வந்தா படகுல போகலாம்."

"எங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "சும்மா போயிட்டு வரலாம்" என்றார்.

அன்றைய தேதியில் எங்கள் தெருமுனைக்கு அப்பால் இருக்கும் கொள்ளிடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்ந்தன. தண்ணீர் என்ற பொருள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை.

வீட்டை ஒட்டிய காலி மனையில், டயர்களை அடுக்கி அதன் மேல் படகை இறக்கி வைத்தார்கள். மறுநாள் காலையில் தெருவே கூடிவிட்டது. கணவர் படகின் முன்பக்கத் தளத்தில் ஏறி நின்றார். நான் கீழே நின்றேன். அவர் அடி எடுத்து வைத்த இடத்தில் தளம் லேசாக உள்ளே அமுங்கி, காலை எடுத்ததும் மேலே வந்ததைப் பார்த்தேன். இலவம்பஞ்சு மெத்தை மாதிரி.

"என்னங்க, அமுங்குதே?"

"அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் வளையணும். வளைஞ்சாத்தான் உடையாது" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பழைய காலத்து ஃபைபருங்க இது. இப்ப வர்றதெல்லாம் பேப்பர். இது மேல கோயில் யானையே ஏறி நிக்கலாம்" என்று சொல்லிக் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார். ஒரு கால் படகின் வயிற்றுக்குள், ஒரு கால் வெளியே. வலி தெரிய ஆரம்பிக்கும் வரை, அந்த நிலையிலேயே இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார். கணுக்கால் எலும்பில் விரிசல் என்று டாக்டர் சொல்லி மாவுக்கட்டுப் போட்டார். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "போட் ஆக்சிடென்ட்" என்றார் இவர். டாக்டர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

தம்பிக்குக் கால் உடைந்த செய்தி கேட்டு உறையூரிலிருந்து என் நாத்தனார் டவுன் பஸ் ஏறி வந்தார். என் கணவருக்கு மூத்தவர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்வியையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பது போலத்தான் கேட்பார். நான் அவரை அண்ணி என்று கூப்பிட வேண்டும். ஆனால் கூப்பிட்டால்தானே? கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம். அதிலிருந்து நாங்கள் பேசுவதெல்லாம் நடுவில் இவரை வைத்துத்தான். நான் பக்கத்தில் கரண்டியோடு நிற்கும்போதே, "சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டாளான்னு கேளுடா" என்பார். இவரும் திரும்பி, "பெருங்காயம் போட்டியாம்மா?" என்பார். நான் "போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்பேன். இந்தத் தபால் சேவை தடங்கலில்லாமல் நடந்துவந்தது.

அண்ணி வந்ததும் தம்பியின் காலைப் பார்க்கவில்லை. நேராகப் படகுக்குப் போனார். ஓட்டைக்குள் கையை விட்டார். கறுப்பாக, ஈரமாக, ஊறவைத்த சாணித்தூள் மாதிரி ஒரு பிடி வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இவன்தான் அங்க பாய்லரை எல்லாம் செக் பண்ணிக்கிட்டிருந்தானா?" என்று படகைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நேரடியாகச் சொல்லாததால் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஃபைபர் ஒட்டும் ஆள் ஒருவரை வரவழைத்தோம். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மேல ஒரு கோட்டிங் அடிச்சு விட்டுடலாங்க. வெளிய தெரியாது" என்றார்.

"தெரியாதா? அடுத்த தடவை கால் உள்ள போறப்ப தெரியுமே" என்றார் அண்ணி. அந்த ஆள் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆக, வேலை எங்கள் தலையில் விழுந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, போனில் படகு ரிப்பேர் வீடியோக்களைப் பார்த்து எங்களுக்கு மொழிபெயர்த்தார். விஷயம் இதுதான். படகின் தளம் ஒரே ஃபைபர் பலகை அல்ல. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் மரம். பிரெட்டுக்கு நடுவில் காய் வைப்பது போல. யாரோ எப்போதோ தளத்தில் கம்பிக் கைப்பிடி வைக்கத் துளை போட்டு, சரியாக அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். திருகாணி வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, நடுவில் இருந்த மரம் மொத்தமும் கூழாகிவிட்டது. வெளியே பார்த்தால் பளிங்கு. உள்ளே ஒன்றுமில்லை.

முதலில், எதுவரைக்கும் கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டக்' என்னும். கெட்ட இடம் 'தொப்' என்னும். அண்ணி தட்டினார், நான் சாக்பீஸால் கோடு போட்டேன். "டக்குன்னு சொல்லு" என்பார் அண்ணி. "தொப்புன்னு சொல்லுங்க" என்பேன் நான். இதுவும் நாற்காலி வழியாகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்காரர் தூங்கிவிட்டார். அண்ணி தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அண்ணி, யாருக்கும் சொல்லாதது போல, "தொப்" என்றார். நான் கோடு போட்டேன். முன்பக்கத் தளத்தில் முக்கால்வாசி தொப்.

அடுத்தது மேல் தோலை வெட்டி எடுப்பது. இரும்பு வெட்டும் கிரைண்டர் மெஷின் இவரிடம் இருந்தது. மேல் தோல் மட்டும் வெட்டுப்பட வேண்டும், கீழ்த் தோலில் பிளேடு படக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். கை நடுங்காது என்ற நம்பிக்கையில் மெஷினை நானே எடுத்தேன். ஓரமாக வெட்டிக்கொண்டே குனிந்தபோது,

"புடவை! ஏய், புடவை! நிறுத்து!" என்று ஒரு குரல். டிக்கெட் வாங்காமல் ஓடுபவனைக் கூடப் பிடித்து நிறுத்தும் குரல்.

நிறுத்தினேன். முந்தானை நுனி சுழலும் பிளேடுக்கு விரற்கடை தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் மூச்சு வாங்கினோம். அத்தனை வருடங்களில் அண்ணி நேராக என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை புடவை.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி" என்றேன்.

"முதல்ல இதை மாத்திட்டு வா" என்றார்.

அன்று முதல் நாங்கள் இருவரும் கணவருடைய பழைய தொழிற்சாலை யூனிஃபாரத்தைப் போட்டுக்கொண்டோம். நீலச் சட்டை, நீலப் பேன்ட். அண்ணிக்கு இடுப்பில் நிற்காமல் நாடா கட்டினோம். அதுவும் போதவில்லை. ஃபைபர் தூள் இருக்கிறதே, அது கண்ணாடி. தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டில் நானும் அண்ணியும் இடது கையால் சொறிந்துகொண்டே வலது கையால் ரசம் சாதம் சாப்பிட்டோம். மறுநாள் கைகளில் பவுடர் அப்பிக்கொண்டு, யூனிஃபாரத்துக்கு மேல் ரெயின்கோட் போட்டு, முகத்துக்கு மாஸ்க், தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி.

அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாமா கோயிலிலிருந்து திரும்பி வந்தவர், நெற்றியில் திருமண் காயாமல், கேட்டருகே நின்றுவிட்டார். காய்ந்த மனையில் ஒரு படகு. அதன் மேல் ரெயின்கோட் போட்ட இரண்டு பெண்மணிகள்.

"ஏம்மா, பிரளயம் ஏதாவது வரப்போறதா? டிவியில ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"இல்லை மாமா, தளம் கெட்டுப்போச்சு. மாத்துறோம்."

"ஓஹோ. அப்போ எம்பெருமான் திருவுள்ளம். நடத்துங்கோ" என்று உள்ளே போனார். சற்று நேரத்தில் மாமியோடு மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். அந்த மாதம் முழுவதும் அவர்கள் சீரியல் பார்க்கவில்லை என்று மாமி பிறகு சொன்னார்.

மேல் தோலை நெம்பி எடுத்தபோது வந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? மூடி வைத்து மறந்துபோன மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அதோடு பாசி. கரண்டியாலும் பெயின்ட் சுரண்டும் தகட்டாலும் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். பக்கெட் பக்கெட்டாக வந்தது. சுரண்டும் வேலையில் பேசாமல் இருக்க முடியாது. மருமகள்களைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, கவுண்டரில் வந்து ஊர் பெயரை மறந்துவிட்டு, "அதாங்க, எங்க சித்தி ஊரு" என்று டிக்கெட் கேட்டவரைப் பற்றி.

ஒரு மத்தியானம் அண்ணி சுரண்டுவதை நிறுத்தி, "ஏம்மா, நாம எதுக்குப் பேசாம இருந்தோம்?" என்று கேட்டார்.

யோசித்தேன். "கல்யாணத்துல ஏதோ, அண்ணி. தாம்பூலப் பையா, மாலையா…"

"எனக்கும் ஞாபகம் வரலை. பெரிய விஷயமாத்தான் இருந்திருக்கும்" என்றார் மரியாதையாக. பிறகு இருவரும் குனிந்து சுரண்டினோம்.

நன்றாகக் காய வேண்டும் என்றது வீடியோ. வீடியோ எடுத்த நாட்டில் அதற்கு ஹீட்டர், கூடாரம், என்னென்னவோ வைத்திருந்தார்கள். எங்களுக்குத் திருச்சி வெயில் போதும். படகு அப்பளமாகக் காய்ந்தது. பாலக்கரைக்குப் போய்த் தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட்டும், கண்ணாடி நாராலான பாய் போன்ற ஃபைபர் மேட்டும், ரெசினும் வாங்கினோம். கடைக்காரரிடம் அண்ணி, "எத்தனை வருஷம் தாங்கும்? எங்க செஞ்சது? வேற இருக்கா?" என்று கேட்ட வேகத்தில் அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார்.

இனி ரெசின். தேன் போன்ற திரவம். அதில் ஹார்டனர் என்று ஒன்றைச் சில சொட்டுக் கலந்தால் சூடாகி இறுகும். வெப்பம் உமிழும் வினை. இதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் பாடமாக நடத்துகிறேன். அதனால் கணவர் வீடியோவைக் காட்டி, "கொஞ்சம் கொஞ்சமா கலக்கணுமாம்" என்றபோது, "எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, ஒரே பக்கெட்டில் மொத்த ரெசினையும் ஊற்றி, மொத்தத்துக்கும் உண்டான ஹார்டனரை விட்டுக் கலக்கினேன். பதினோரு மணி வெயிலில்.

பிரஷ்ஷை எடுத்து வருவதற்குள் பக்கெட்டிலிருந்து சாம்பிராணி போட்டது போலப் புகை வந்தது. பிறகு புகை கெட்டியாயிற்று. பக்கெட்டின் இடுப்பு தானாக வளைந்தது. பால்கனியிலிருந்து மாமா, "அக்னி! அக்னி!" என்று குரல் கொடுத்தார். அண்ணி ஒரு மண்வெட்டியால் பக்கெட்டைத் தள்ளிக்கொண்டே போய் மணல் குவியலில் கவிழ்த்தார். உள்ளே 'படார் படார்' என்று வெடிப்பு விழும் சத்தம்.

"நீ கெமிஸ்ட்ரிதானே?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"நீங்க தரப் பரிசோதனைதானே?" என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு, புதிதாக ரெசின் வாங்கி வந்து, விடியற்காலையில், வெயில் வருவதற்கு முன், தயிர்க் கிண்ணத்தில் மட்டும் கலந்தோம்.

பிளைவுட்டைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ரெசின் தடவிக் கீழ்த் தோலின் மேல் பாவினோம், தரைக்கு டைல்ஸ் பதிப்பது போல. இடுக்குகளில் ரெசினும் மரத்தூளும் குழைத்த பசையை அடைத்தோம். அதன் மேல் நாங்கள் வெட்டி எடுத்த மேல் தோலையே திரும்ப வைக்க வேண்டும். அது இறுகும்வரை மேலே கனமாக அழுத்த வேண்டும். பாலிதீன் ஷீட்டை விரித்து, ஆட்டுக்கல்லை வைத்தோம். குழவியை வைத்தோம். அரிசி மூட்டை. கான்கிரீட் கல். அப்படியும் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டில் கனமான பொருள் எதுவும் மிச்சம் இல்லை. நாற்காலியில் இருப்பதைத் தவிர. அதற்குக் கால் சரியில்லை.

அண்ணி பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். "மாமா, கொஞ்சம் வந்து உக்காருறீங்களா?"

மாமா ஒரு நிமிடம் தயங்கினார். "பெருமாளே பாம்பு மேல சயனிச்சிண்டிருக்கார். அடியேன் படகு மேல உக்காரப்படாதா?" என்று சொல்லி இறங்கி வந்தார். பின்னால் மாமி. வாக்கிங் முடித்து வந்த இரண்டு பேரையும் அண்ணி பிடித்து ஏற்றினார். நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். வாக்கிங்காரர் ஒருவர் அரசியல் ஆரம்பித்தார். மாமா மறுத்துப் பேசினார். அசையக் கூடாது என்று அண்ணி அதட்டினார். படகு எங்கும் போகாவிட்டாலும், பார்க்க உல்லாசப் பயணம் மாதிரியே இருந்தது.

ரெசின் இறுகிவிட்டது என்று சொன்னதும் மூவர் எழுந்தார்கள். மாமா எழவில்லை.

"என்ன மாமா?"

"எழுந்துக்க முடியலையேம்மா" என்றார் தணிந்த குரலில். அவர் பக்கம் பாலிதீன் ஷீட் விலகியிருக்கிறது. பிதுங்கி வந்த ரெசினில் வேட்டி ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்துப் பார்த்தோம். தளம் அசையவில்லை, அந்த வகையில் வேலை சுத்தம். மாமி வீட்டுக்கு ஓடிப்போய் வேறு வேட்டி கொண்டு வந்து திரைபோலப் பிடித்துக்கொள்ள, அண்ணி கத்தரிக்கோலால் மாமாவைப் படகிலிருந்து விடுவித்தார். ஒரு சாண் மயில்கண் கரை தளத்திலேயே தங்கிவிட்டது. அதைச் சுரண்ட மனம் வராமல், அதன் மேலேயே மேட் போட்டு ரெசின் பூசிவிட்டோம். கண்ணாடிக்குள் வைத்தது போல இன்றும் மங்கலாகத் தெரியும்.

வெட்டின இடத்தின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, சின்னத் துண்டுக்கு மேல் பெரிய துண்டு, அதற்கு மேல் இன்னும் பெரியது என்று மேட் ஒட்டினோம். கைப்பிடிக்கான துளைகளைப் பெரிதாகப் போட்டு, அவற்றை ரெசினால் முழுக்க அடைத்து, அது இறுகியதும் அதே இடத்தில் சின்னதாக மறுபடி துளை போட்டோம். இனி தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. "போட்ட ஓட்டையை அடைச்சு, அடைச்சதுல ஓட்டை போடறீங்களே, இது என்ன வேலை?" என்று மாமி கேட்டார். விளக்கினேன். "இதுக்கு முதல்லயே ஒழுங்கா போட்டிருக்கலாமே" என்றார். அதுதான் மொத்த விஷயமும். கடைசியில், வேட்டிக் கரை தெரியும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சறுக்காமல் இருக்கப் பெயின்டில் கொள்ளிடத்து மணலைச் சலித்துத் தூவினோம்.

அதற்குள் கணவருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். தளத்தைச் சோதிக்க வேண்டும். அவரை ஏறச் சொன்னோம். அவர் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். "டக்" என்றது. இன்னொரு இடம். "டக்". சுற்றிச் சுற்றித் தட்டினார். அவருடைய தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக எதையும் பரிசோதித்திருக்க மாட்டார்.

"ஏறுடா" என்றார் அண்ணி.

"நாளைக்கு ஏறுறேன்க்கா."

அண்ணி யூனிஃபாரப் பேன்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறி, தளத்தின் நடுவில் போய் நின்று குதித்தார். ஒருமுறை அல்ல. நானும் ஏறிக் குதித்தேன். கருங்கல் மாதிரி நின்றது. பால்கனியில் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் இவர் ஏறினார், தவழ்ந்து.

ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆனால் நம் இஷ்டத்துக்கு ஆற்றில் படகு விட முடியாது என்று போய்க் கேட்ட இடத்தில் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். இதை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம் என்று நானோ அண்ணியோ வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. லால்குடிப் பக்கம் இவருடைய சித்தப்பா மகன் ஊரில் பெரிய ஏரி ஒன்று உண்டு. ஊர்க்காரர்களிடம் கேட்டு, மறுபடி ஒரு லாரி வைத்து, படகை அங்கே கொண்டுபோய் இறக்கினோம். மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை. படகோடு வந்த பழைய இன்ஜின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. நானும் அண்ணியும் முன்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டோம். கொக்குகள் எழுந்து பறந்தன. இவர் பின்னால் நின்று, கரையில் கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு மந்திரி மாதிரி கையசைத்தார்.

ஏரியின் நடுவில் ஆகாயத்தாமரைக் கொடி இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமி நின்றது. துடுப்பு எங்கே என்று கேட்டேன். துடுப்பு வாங்கவில்லை. இவர் குனிந்து கொடியை இழுத்து இழுத்துத் தொப்பலாக நனைந்தார். காற்று எங்களை மெதுவாக எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் உதவிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வெயில் இறங்கிய நேரம், உட்கார்ந்த இடம் கெட்டியாக இருந்தது. அண்ணி மடியிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இப்படியே போனா எந்த ஊரு வரும்?" என்றேன்.

"எந்த ஊரு வந்தா என்ன? இறங்கிக் கேட்டுக்கலாம்" என்றார் அண்ணி, வாழ்நாள் முழுக்க ஊர் பெயர் சொல்லாதவர்களுக்கு டிக்கெட் தர மறுத்தவர்.

வந்து சேர்ந்தது, எருமைகள் குளித்துக்கொண்டிருந்த ஒரு படித்துறை. படகை அங்கிருந்த பனைமரத்தில் கட்டினோம். இறங்கி, நாங்கள் புறப்பட்ட கரைக்குத் திரும்ப, ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான், அண்ணி, முழங்கால்வரை சேறும் சட்டையில் ஆகாயத்தாமரைக் கொடியுமாக இவர்.

கண்டக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கேர்ந்து சார் வர்றீங்க?"

"படகுல வந்தோம்" என்றார் என் கணவர், நிமிர்ந்து உட்கார்ந்து.